பாடம் 9: ஊர் வீதியில் மீண்டும் நடப்போம்

சென்ற பாடத்தில் பாழடைந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வது பற்றிப் பார்த்தோம். இந்தப் பாடம் நடப்பது பற்றியது. மீள்குடியேறிய ஒரு கிராமத்தில், சனசமூக நிலையக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓர் ஐயா எழும்பி, "நடக்கிறதுக்கு என்ன தம்பி பாடம்? நாங்கள் நடக்காத நடையோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமச் சனம் முழுக்க வீதிக்கு இறங்கியபோது எனக்கு எட்டு வயது. மழை பெய்துகொண்டிருந்தது. செம்மணி வெளியில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி, ஓர் அடி வைப்பதும் நிற்பதுமாகப் போனோம். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா தள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவின் சேலைத் தலைப்பை நான் விடவேயில்லை. சாதாரண நாளில் பஸ்ஸில் அரை மணித்தியாலத்தில் போகிற தூரத்துக்கு இரவு முழுவதும் தேவைப்பட்டது. வன்னியில் இருந்தவர்கள் 2008, 2009 ஆண்டுகளில் நடந்த நடை அதைவிடக் கொடியது. அதை நான் விவரிக்கத் தேவையில்லை. இந்தக் கையேட்டை வைத்திருக்கும் பலர் அந்த வழியால் வந்தவர்கள்தான்.

ஆகவே எங்கள் சனத்துக்கு நடை என்றால் மூட்டையோடு, எங்கே போய் முடியும் என்று தெரியாமல், திரும்பிப் பாராமல் போவது. இந்தப் பாடம் சொல்லும் நடை வேறு. கையில் சுமை இல்லாமல், தெரிந்த வீதியால், தெரிந்த ஆட்களோடு போய், வெளிக்கிட்ட வீட்டுக்கே திரும்பி வரும் நடை. உடம்புக்கும் மனதுக்கும் அது செய்யும் நன்மை பெரிது. ஆனால் எங்கள் இடங்களில் அதைக் கொஞ்சம் யோசித்துத்தான் தொடங்க வேண்டும்.

ஊருக்கு வந்தும் ஏன் முடங்கிப் போகிறோம்?

முகாமில் இருந்தபோது, தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நின்றாவது கால் அசைந்தது. காணி கிடைத்துத் திரும்பி வந்தவுடன் முதல் சில மாதங்கள் பற்றை வெட்டுவதிலும் கொட்டில் போடுவதிலும் கழியும். இளம் ஆட்களுக்கு அதுவே போதும் போதுமென்ற வேலை. அதன் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. வயது போனவர்கள் திண்ணையில் அல்லது தகரக் கொட்டிலின் வாசலில் இருந்துவிடுகிறார்கள். முன்பு தோட்டம், கடல், கோயில், சந்தை என்று கால்நடையாகத் திரிந்தவர்கள் அவர்கள். இப்போது தோட்டம் இல்லை. கடலுக்குப் போக வள்ளம் இல்லை. மகன் லீசிங்கில் எடுத்த மோட்டார்சைக்கிள் சந்திக்குப் போகவும் தேவைப்படுகிறது. பக்கத்துக் காணிக்காரர் இன்னும் வரவில்லை. ஒழுங்கையில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் விளக்கு எரிகிறது. யாரைப் பார்க்க நடப்பது?

எங்கள் கூட்டங்களுக்கு வருபவர்களிடம் வருத்தங்களைக் கேட்டால் சீனி, பிறசர், நித்திரையின்மை, மூட்டு நோ என்று ஒரே பட்டியல்தான் வரும். இந்த நாலுக்கும் நடை நல்லது. மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து. தசைகள் வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள சீனியை எடுத்துக்கொள்கின்றன. அதனால் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சீனி ஏறுவது குறையும். ஒழுங்காக நடப்பவருக்கு இரத்த அழுத்தம் மெல்ல இறங்கும். பகலில் களைத்த உடம்பு இரவில் நித்திரை கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவு, கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம். நாளுக்கு அரை மணித்தியாலமாக ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரி. அரை மணித்தியாலத்தை ஒரேயடியாக நடக்க வேண்டும் என்றும் இல்லை. காலையில் பத்து, மாலையில் இருபது என்று பிரித்தாலும் அதே பலன்தான்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாமல் இருக்க வேண்டும். அதுதான் அளவு. கதைக்கவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

முதலில் பாதை, பிறகு நடை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் நடக்கப் போவது எல்லோரும் நாளாந்தம் பாவிக்கும் வீதியில் மட்டும். தார் வீதி, கிரவல் வீதி, வாகனம் ஓடும் ஒழுங்கை. நீங்கள் பிறந்து வளர்ந்த ஊராக இருக்கலாம், கண்ணைக் கட்டி விட்டாலும் கோயிலுக்கு வழி தெரிந்தவராக இருக்கலாம். ஆனால் நீங்கள் இல்லாத காலத்தில் அந்தக் காணிக்குள் யார் இருந்தார்கள், எதைப் புதைத்தார்கள், எது விழுந்து வெடிக்காமல் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. வயது போனவர்கள்தான் இதில் அதிகம் பிழை விடுகிறார்கள். "இது எங்கட சித்தப்பாவின்ர வளவு, இதுக்குள்ளால போனால் கிட்ட" என்று இறங்கிவிடுவார்கள். அந்தக் குறுக்குப் பாதை உங்கள் ஞாபகத்தில் இருக்கிற பாதை. இப்போது நிலத்தில் இருக்கிறது வேறு.

நடை தொடங்க முன்னர் உங்கள் கிராம அலுவலரிடம் போய்க் கேளுங்கள்: எந்தப் பகுதிகள் மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டவை, எவை இன்னும் இல்லை, எவை விடுவிக்கப்படாத காணிகள்? வடக்கில் ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற நிறுவனங்கள் மிதிவெடி அகற்றும் வேலையைச் செய்திருக்கின்றன. உங்கள் பகுதியில் அவர்களின் ஆட்கள் நின்றால் நேரடியாகவும் கேட்கலாம். கேட்டதைச் சனசமூக நிலையத்தில் ஒரு பெரிய தாளில் கீறித் தொங்கவிடுங்கள். நடக்கும் வீதியைத் தடித்த கோட்டால் கீறுங்கள். போகக் கூடாத பக்கத்தைச் சிவப்பால் நிரப்புங்கள். வரைபடம் அழகாக இருக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைக்கு விளங்கினால் போதும்.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, சிவப்புப் பூசிய தடியோ, கட்டிய நாடாவோ கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம். பலகையைக் கழற்றுவதும் தடியைப் பிடுங்கி வேலிக்கு நடுவதும் இன்றும் நடக்கிறது. அது இன்னொருவரின் காலை எடுக்கும் வேலை. பலகை இல்லை என்பதாலேயே ஓரிடம் பாதுகாப்பானது என்றும் எடுக்க வேண்டாம். பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு, முன்பு வெளியே தெரியாதவை தெரிய வரலாம், ஓரிடத்தில் கிடந்தது இன்னோரிடத்துக்கு வரலாம். மாரிக்குப் பிறகு முதல் நடைக்குப் போகும்போது வாய்க்கால் ஓரங்களையும் மதகுகளையும் தவிர்த்து வீதி நடுவோடு போங்கள்.

ஏதாவது சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொட வேண்டாம், தட்ட வேண்டாம், கல்லால் எறிய வேண்டாம், பழைய இரும்பென்று எடுக்கவும் வேண்டாம். நின்று, இடத்தை ஞாபகம் வைத்து, வந்த வீதியாலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். தவறுதலாகப் பற்றைக்குள் இறங்கிய பிறகுதான் அபாயப் பலகையைக் கண்டீர்கள் என்றால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அசைய வேண்டாம். சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். உதவிக்கு வருபவரையும் கிட்ட வர விடாமல், மிதிவெடி அகற்றும் ஆட்களை அழைக்கச் சொல்லுங்கள். எத்தனை மணித்தியாலம் நிற்க வேண்டி வந்தாலும் நில்லுங்கள். தனியாக நடக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். கூப்பிடக் கேட்கும் தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

சிறுநீர் கழிக்கப் பற்றைக்குள் இறங்குவது, பூப்பறிக்க வீதியை விட்டு விலகுவது, பந்தை எடுக்கப் பிள்ளை ஓடுவது, இவையெல்லாம் சின்ன விசயங்கள் போலத் தெரியும். வெளிக்கிட முன்னரே வீட்டில் போய்விட்டு வெளிக்கிடுங்கள். பிள்ளைகளைக் கையில் பிடியுங்கள். பந்து கொண்டு வர வேண்டாம்.

மிதிவெடி இல்லாத இடத்திலும் பாழ்கிணறு இருக்கும். கட்டு இடிந்து, மேலே கொடி படர்ந்து, தரைபோலத் தெரியும் கிணறுகள் நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த ஊர்களில் உண்டு. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியவர்கள் 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது பார்த்தது 27 வருடக் காட்டை. எந்தக் காணியில் கிணறு இருந்தது என்று வயதானவர்களைக் கேட்டு, அதையும் வரைபடத்தில் குறியுங்கள்.

பாம்புக்குப் பயந்து நடையை விட வேண்டாம். ஆனால் இருட்டில் ரோச் லைற் இல்லாமல் நடக்கவும் வேண்டாம். புடையனும் சுருட்டையும் மண் நிறத்தில் கிடக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் பிழை. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட காலை அசைக்காமல், வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வன்னியில் காட்டோரக் கிராமங்களில் இருப்பவர்கள், யானை வந்து போகும் காலத்தில் விடிவதற்கு முன்னும் பொழுதுபட்ட பின்னும் நடக்க வேண்டாம்.

யாரோடு, எந்த நேரம்?

ஆண்கள் காலையில் நடந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பெண் ஒருவர் காரணம் இல்லாமல் வீதியில் நடந்தால், "எங்க பிள்ளை போறாய்?" என்று மூன்று வீட்டில் கேட்பார்கள். கணவனை இழந்த அல்லது கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண் என்றால் கேள்வியோடு நில்லாது, கதையும் கட்டுவார்கள். இதை எழுதாமல் விட்டால் இந்தப் பாடம் ஆண்களுக்கு மட்டும் எழுதியதாகிவிடும்.

எங்களுக்குத் தெரிந்து சரிவந்த வழி, நடையை ஒரு அலுவலோடு சேர்ப்பது. ஓர் ஊரில் மாதர் சங்கத்துப் பெண்கள் பின்னேரம் ஐந்து மணிக்குச் சங்கக்கடை வரை போய் வரத் தொடங்கினார்கள். சாமான் வாங்க ஒருவருக்கு இருந்தால் போதும், பத்துப் பேர் போவார்கள். முதல் கிழமை ஆட்கள் பார்த்தார்கள். மூன்றாம் கிழமை, பார்த்தவர்களில் ஒரு மாமி தானும் செருப்பைக் கொழுவிக்கொண்டு வந்துவிட்டார். "வீட்டுக்குள்ள இருந்தால் யோசிச்சு யோசிச்சே பொழுது போகுது. வெளியில வந்தால் அந்த ஒரு மணித்தியாலமாவது மற்றவையின்ர கதையைக் கேட்கலாம்" என்றார். முன்பள்ளிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வரும் தாய்மார் ஆட்டோவை விட்டு ஒரு பக்கமாவது சேர்ந்து நடப்பது இன்னொரு வழி. வெள்ளிக்கிழமைக் கோயிலும் ஞாயிறு பூசையும் ஏற்கனவே இருக்கும் அலுவல்கள். அவற்றுக்குப் புதிதாக யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

எங்கள் வெயிலில் நடைக்கு இரண்டு நேரம்தான் உண்டு. வெளிச்சம் வந்ததிலிருந்து ஏழரை வரை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு இருட்டும் வரை. சோளகம் வீசும் மாதங்களில் புழுதி கண்ணை மறைக்கும். காலை நேரம் நல்லது. வாடை தொடங்கி மழை பிடித்தால் ஒழுங்கைகள் வெள்ளமாகிவிடும். அப்போது தார் வீதியில் மட்டும் நடக்கலாம், அல்லது சனசமூக நிலைய மண்டபத்துக்குள் சுற்றி நடக்கலாம். வாகனம் வரும் திசையைப் பார்த்தபடி வலது ஓரத்தால் போங்கள். ஏ9 போன்ற பெருவீதிகளில் இருவருக்கு மேல் பக்கம் பக்கமாக நடக்க வேண்டாம். வெளிறிய நிறச் சட்டை போட்டால் சாரதிக்குத் தெரியும்.

நடை முடிந்த இடத்தில் தேநீர்க் கடை இருந்தால் நல்லது, கதை வளரும். ஆனால் மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரும் ஒரு ரோல்ஸும் சாப்பிட்டால் நடந்ததைவிடக் கூடுதலாக உள்ளே போய்விடும். பிளேன்ரீயைச் சீனி இல்லாமல் குடிக்கப் பழகுங்கள். நான் இன்னும் பழகவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உடம்பைக் கேட்டுத் தொடங்குங்கள்

நெஞ்சு நோ, மாரடைப்பு வந்தவர்கள், மூச்சிழுப்பு உள்ளவர்கள், பிறசருக்கு மருந்து எடுத்தும் கட்டுப்படாதவர்கள் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். சிக்கல் இல்லாதவர்களுக்கு நடை நல்லதென்றே சொல்வார். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், இடது கை அல்லது தாடை நொந்தால், தலை சுற்றி வியர்த்தால் உடனே நின்று உட்காருங்கள். சில நிமிடத்தில் மாறாவிட்டால் வைத்தியசாலைக்குப் போவதில் வெட்கம் வேண்டாம்.

சீனிக்கு இன்சுலின் போடுபவர்களும் சில வகைக் குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் சீனி குறைந்துவிட்டது என்று அர்த்தம். ரொபி இரண்டு அல்லது சீனித் தண்ணீர் சட்டைப் பையில், கைப்பையில் இருக்கட்டும். கூட நடப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதற் கிழமை பத்து நிமிடம் போதும். அடுத்த கிழமை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். முதல் நாளே நாலு கிலோமீற்றர் நடந்துவிட்டு அடுத்த ஒரு மாதம் காலில் எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கால்களைப் பற்றி

சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைந்து போவதுண்டு. முள் ஏறியதும் தெரியாது, செருப்பு வெட்டியதும் தெரியாது. ஆகவே வெறுங்காலோடு நடக்க வேண்டாம், கோயில் வீதியில் வெயிலில் என்றாலும். நடந்து வந்தவுடன் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். சிவந்த இடம், கொப்புளம், காயம் எதுவானாலும் கிளினிக்கில் காட்டுங்கள். சாதாரண பாட்டாச் செருப்பில் கால் வழுக்கும். பின்னால் பட்டி உள்ள செருப்பு அல்லது கன்வஸ் சப்பாத்து நல்லது.

செயற்கைக் காலோடு நடப்பவர்கள் எங்கள் ஊர்களில் அதிகம். நடைக்குழு என்றதும் இவர்களில் பலர் விலகி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். "நான் வந்தால் எல்லாரும் எனக்காக நிற்கவேணும்" என்றார் ஒரு தம்பி. நிற்கட்டும். குழுவின் வேகம் மெதுவாக நடப்பவரின் வேகம் என்று முதல் நாளே எல்லோரும் ஒத்துக்கொண்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. வேகமாக நடக்க ஆசைப்படுபவர் முன்னே போய்த் திரும்பி வந்து சேரலாம். அவருக்கும் இரட்டை நடை. செயற்கைக் காலுக்கு மணல் ஒழுங்கையைவிட இறுகிய வீதி இலகு. தொடக்கத்தில் தூரத்தைக் குறைத்து, வீட்டுக்கு வந்தவுடன் காலைக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு நெடுநேரம் மாறாமல் இருந்தால், அல்லது கால் தளர்ந்து ஆடினால், அது சரிசெய்ய வேண்டிய கால். பொறுத்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. உங்கள் மாவட்டத்தில் எங்கே திருத்தலாம் என்பதைப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்கலாம். சக்கர நாற்காலியில் வருபவரும் குழுவில் ஓர் ஆள்தான். தள்ளுபவருக்கு நல்ல உடற்பயிற்சி.

ஊரைத் திரும்பப் படிக்கும் நடை

முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அப்பா அம்மாவின் ஊர். அவர்களுடைய ஊராக இன்னும் ஆகவில்லை. எந்த ஒழுங்கைக்கு என்ன பெயர், வாசிகசாலை எங்கே நின்றது, எந்தப் பூவரசு யாருடைய எல்லை என்பது ஒன்றும் தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரின் வயதான இருவரை முன்னால் விட்டு இளம் பிள்ளைகள் பின்னால் கொப்பியோடு நடக்கலாம். வீதியில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டினால் போதும், உள்ளே இறங்க வேண்டாம். இப்படிக் குறித்த பெயர்களும் எல்லைகளும் பிறகு உறுதி தொலைத்தவர்களுக்கு உதவக் கூடும். அந்த வயதானவர்கள் எப்போதும் இருக்கப் போவதில்லை.

இந்த நடையில் சில இடங்களில் ஆட்கள் நின்றுவிடுவார்கள். ஒரு மதில், ஒரு மரத்தடி, பங்கர் இருந்த ஓர் இடம். என்ன நடந்தது என்று தோண்டிக் கேட்க வேண்டாம், "விடுங்கோ அக்கா, வாங்கோ" என்று இழுக்கவும் வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும். அவர் சொன்னால் கேளுங்கள். அந்த இடத்தால் போக முடியாதவருக்காக வேறு வீதி தேடுங்கள், ஊரில் ஒரு வீதிதான் இருக்கிறதா என்ன? ஆனால் ஒருவர் கிழமைக் கணக்காக நித்திரையில்லாமல், சாப்பிடாமல், வாழ்ந்து என்ன என்று கதைத்துக்கொண்டு இருந்தால் அது நடையால் மட்டும் தீரும் காரியம் அல்ல. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவரோடு கூடப் போங்கள். தனியே போகச் சொன்னால் பெரும்பாலும் போக மாட்டார்கள்.

சேர்ந்து நடப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, குமண என்று காடு தாண்டிக் கதிர்காமம் போகும் பாதயாத்திரை 500 கிலோமீற்றருக்கும் அதிகமான நடை, ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். போர் ஆண்டுகளில் வடக்குப் பகுதியில் தடைப்பட்டு, பிறகு மீண்டும் தொடங்கியது. மடு மாதாவின் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் நடந்து போகும் வழக்கம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மாவிட்டபுரத்திலிருந்து ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போன நடையை ஓர் அம்மா எனக்கு ஒரு மணித்தியாலம் சொன்னார். சொல்லும்போது அவர் முழங்கால் நோவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கண்டி வரை ஓர் ஊர்நடை

சில ஊர்களில் நடைப்போட்டி வைக்கக் கேட்கிறார்கள். யார் கூட நடந்தார் என்று பரிசு கொடுத்தால் இளம் பொடியன்கள் வெல்வார்கள், மற்றவர்கள் இரண்டாம் கிழமை நின்றுவிடுவார்கள். அதைவிட ஊர் முழுக்க நடந்த தூரத்தை ஒன்றாகக் கூட்டி, ஓர் இடத்தைப் போய்ச் சேருவது என்று வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் கண்டி ஏறத்தாழ 320 கிலோமீற்றர். இருபத்தைந்து பேர், கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் நடந்தால் கிழமைக்கு 112 கிலோமீற்றர் சேரும். முதற் கிழமையில் ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி கழிந்து மாங்குளத்தைத் தாண்டிவிடுவீர்கள். இரண்டாம் கிழமையில் வவுனியாவும் மதவாச்சியும் போகும். மூன்றாம் கிழமை முடிய முதல் கண்டி. சுவரில் ஏ9 வீதியை நீளமாகக் கீறி, சேர்ந்த தூரத்துக்கு ஒரு குண்டூசியை நகர்த்துங்கள். முறிகண்டியில் குண்டூசி நிற்கும் அன்று யாராவது கச்சான் வாங்கி வருவார்கள், நாங்கள் சொல்லத் தேவையில்லை.

தூரம் அளக்கக் கருவி வேண்டாம். ஒரு சைக்கிள் போதும். முன்சில்லின் வெளிச்சுற்றை நூலால் அளந்து, நூலை அடிமட்டத்தில் வையுங்கள். பெரிய சைக்கிளுக்கு இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் மேல் வரும். கம்பியில் ஒரு துணித்துண்டைக் கட்டி, உருட்டிக்கொண்டு நடந்து, துணி எத்தனை தரம் கீழே வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு சுற்று 2.1 மீற்றர் என்றால் 100 சுற்று 210 மீற்றர். 476 சுற்றில் ஒரு கிலோமீற்றர். இரண்டு பேர் எண்ணினால் பிழை வராது. அரைக் கிலோமீற்றருக்கு ஒரு அடையாளம் வைக்கலாம். ஆனால் கல்லுக்கோ தடிக்கோ சிவப்பு, வெள்ளைப் பெயின்ற் பூச வேண்டாம். அவை மிதிவெடி அகற்றுவோர் பாவிக்கும் நிறங்கள், பிள்ளைகளைக் குழப்பிவிடும். இருக்கிற மதிலிலோ மின்கம்பத்திலோ நீலத்தில் ஒரு கோடு போட்டால் போதும், உரியவரைக் கேட்டுவிட்டு.

கணக்கெழுத 80 பக்கக் கொப்பி ஒன்று, பொறுப்பான ஓர் ஆள். ஏ.எல். படிக்கும் பிள்ளை என்றால் நல்லது, பெரியவர்கள் கூட்டிச் சொல்லும் தூரத்தை முகத்துக்கு நேரே குறைக்கும் தைரியம் அவர்களுக்குத்தான் உண்டு. பெயருக்கு நேரே திகதி, தூரம். படுக்கையிலிருந்து எழும்பித் திரிய மட்டும் முடிகிறவர்களையும் சேருங்கள். நாங்கள் பார்த்த ஒரு கொப்பியில் ஓர் அம்மம்மாவின் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் "முற்றம், 11 சுற்று, 330 மீற்றர்" என்று பேத்தியின் கையெழுத்தில் இருந்தது. ஒரு நாள் மட்டும் 12 சுற்று. ஏன் என்று கேட்டேன். அன்றைக்குக் குண்டூசி வவுனியாவுக்கு முன்னால் கால் கிலோமீற்றரில் நின்றதாம்.